ஜிஎஸ்டி வந்தும் போகாத விற்பனை வரி: ஒரு லிட்டர் பெட்ரோலில் மாநிலத்துக்குப் போவது எவ்வளவு?

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி அமலுக்கு வந்தபோது, மாநிலங்கள் தனித்தனியாக வசூலித்த விற்பனை வரிக்கு அன்றோடு விடை கொடுத்தாச்சு என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால், அது முழுசாகப் போகவில்லை. சோப்பு, சட்டை, செல்போன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சாதாரண மக்கள் தொடும் இரண்டு இடங்களில் மட்டும் தங்கிவிட்டது. ஒன்று டாஸ்மாக் கடை, இன்னொன்று பெட்ரோல் பங்க்.

மதுவைத் தொடாதவர்கள் உண்டு. பெட்ரோல், டீசல் வரியிலிருந்து தப்பியவர் யாரும் இல்லை. ஆனாலும், அந்த வரி நம் கண்ணில் படுவதில்லை. 18% ஜிஎஸ்டி உள்ள செல்போனை வாங்கினால், மத்திய அரசுக்கு 9%, மாநில அரசுக்கு 9% என்று பில்லிலேயே பிரித்துப் போட்டிருப்பார்கள். பங்க் ரசீதில் எத்தனை லிட்டர், என்ன விலை, மொத்தம் எவ்வளவு என்பதோடு சரி.

ஒரு லிட்டர் கணக்கு

தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கான மதிப்புக் கூட்டு வரி (வாட்) இரண்டு துண்டுகளாக இருக்கிறது. ஒன்று, 13% என்ற விகிதம். இன்னொன்று, லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு என்ற நிலையான தொகை. 2021 ஆகஸ்டில் நிர்ணயிக்கப்பட்ட அளவு இது. டீசலுக்கு 11% மற்றும் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு.

2025 நிலவரத்தை வைத்து ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாநில வரிக்கு முன்பு ஒரு லிட்டர் பெட்ரோல் 79 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 13% என்றால் 10 ரூபாய் 27 காசு. அதோடு 11.52 சேர்த்தால் மாநில வரி மட்டும் 21 ரூபாய் 79 காசு. பங்க்கில் நீங்கள் கொடுப்பது 100 ரூபாய் 79 காசு.

இன்னொரு விஷயமும் இதில் ஒளிந்திருக்கிறது. அந்த 79 ரூபாய்க்குள்ளேயே மத்திய அரசின் கலால் வரி 21 ரூபாய் 90 காசு இருக்கிறது. 13% கணக்கிடும்போது அந்த வரிக்கும் சேர்த்துத்தான் வரி விழுகிறது. இப்படி வரி மேல் வரியாகப் போவது மட்டும் லிட்டருக்கு 2 ரூபாய் 85 காசு.

பைக்கில் வேலைக்குப் போய் வருபவர் மாதம் 15 லிட்டர் போடுகிறார் என்றால், மாநில வரியாக சுமார் 327 ரூபாய் கட்டுகிறார். நாள் முழுக்க உணவு டெலிவரி செய்யும் இளைஞருக்கு மாதம் 60 லிட்டர் ஆகும் என்றால் சுமார் 1,307 ரூபாய். வருமான வரி போல சம்பளம் பார்த்து இது மாறாது. அதே 15 லிட்டர் போடும் இரண்டு பேரில், 20,000 ரூபாய் சம்பளக்காரருக்கு அந்த 327 ரூபாய் சம்பளத்தில் 1.6%, 2 லட்சம் வாங்குபவருக்கு வெறும் 0.16%. அதாவது, குறைவாகச் சம்பாதிப்பவர் தோளில்தான் பாரம் அதிகம்.

விலை இறங்கினால் வரி இறங்குமா?

கொஞ்சம்தான் இறங்கும். 79 ரூபாய் 69 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விலை 10 ரூபாய் குறைந்தும், மாநில வரி 21.79-லிருந்து 20.49-க்குத்தான் வரும். 13% துண்டு மட்டும் சுருங்கும், 11.52 அசையாமல் நிற்கும்.

இந்த நிலையான தொகை எப்படி வந்தது? 2020 மே மாதத்துக்கு முன்பு, பெட்ரோலுக்கு வாட் 34% என்ற ஒற்றை விகிதமாக இருந்தது. கொரோனா ஊரடங்கில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது, விகிதத்தை மட்டும் நம்பியிருந்த வரி வருவாயும் சரிந்தது. அப்போதுதான் 15% மற்றும் 13 ரூபாய் 2 காசு என்று அரசு முறையை மாற்றியது. சென்னையில் பெட்ரோல் விலை ஒரே நாளில் 3 ரூபாய் 25 காசு உயர்ந்தது.

ஆனால், இதில் மக்களுக்கு நஷ்டம் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. விலை ஏறும்போது இதே முறை தடுப்பாகவும் நிற்கிறது. வரிக்கு முந்தைய விலை 89 ரூபாய் ஆனால், இப்போதைய முறையில் மாநில வரி 23.09. பழைய 34% இருந்திருந்தால் 30.26 ஆகியிருக்கும். வரிக்கு முந்தைய விலை சுமார் 55 ரூபாய்க்குக் கீழே போனால் மட்டுமே பழைய முறை வாடிக்கையாளருக்கு லாபம்.

வண்டியே இல்லாதவருக்கு?

தக்காளி, வெங்காயத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதனால் வரியில்லாத பொருள் என்று தோன்றும். ஆனால், கோயம்பேட்டுக்கு அவற்றைக் கொண்டுவரும் லாரி டீசலில் ஓடுகிறது. ஒரு லிட்டர் டீசலில் தமிழ்நாட்டு வரி மட்டும் சுமார் 17 ரூபாய் 80 காசு. அது வாடகையில் ஏறி, வாடகை கிலோ விலையில் ஏறி, கடைசியில் காய்கறிப் பையில் வந்து விழுகிறது.

ஜிஎஸ்டி என்றால், ஒரு நிறுவனம் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இதற்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். டீசலுக்குக் கட்டும் வாட் வரிக்கு அந்தக் கழிவு இல்லை. அதனால் வாங்குபவர் தலையில்தான் அது இறங்கும்.

மதுவிலக்கு கொண்டுவந்த வரி

இந்தியாவில் விற்பனை வரி பெட்ரோலில்தான் தொடங்கியது. 1938-ல் மத்திய மாகாணம் மோட்டார் எரிபொருள் விற்பனைக்கு வரி விதித்தது. அடுத்த ஆண்டே, எல்லாப் பொருட்களுக்குமான பொது விற்பனை வரியை ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு கொண்டுவந்தது. 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கால் விழுந்த வருவாய் ஓட்டையை அடைக்க வந்த வரி அது. இன்றைக்கோ, மது விற்பனையே அந்த வரியின் பெரிய தூண்களில் ஒன்று.

ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால் என்ன?

பெட்ரோல், டீசலைக் கொண்டுவர அரசியல் சாசனத்தில் வழி இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து என்று ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்க வேண்டும். 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய கவுன்சில் இதை விவாதித்து, இப்போது வேண்டாம் என்று முடித்துவிட்டது.

காரணம், கணக்கிலேயே இருக்கிறது. மேலே சொன்ன 79 ரூபாயில் மத்திய கலால் வரியைக் கழித்தால் 57 ரூபாய் 10 காசு. அதன்மீது உச்சபட்சமான 40% ஜிஎஸ்டி போட்டாலும் பெட்ரோல் விலை 80 ரூபாயைத் தாண்டாது. வாடிக்கையாளருக்குக் கொண்டாட்டம்தான். ஆனால், மாநிலத்தின் பங்கு 21.79-லிருந்து 11.42 ஆகிவிடும். கிட்டத்தட்ட 10 ரூபாய் இழப்பு. 2021-ல் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்ததற்கே ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று தமிழ்நாடு அரசு கணக்குச் சொன்னது. 10 ரூபாய் என்றால் அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல், அதுவும் பெட்ரோலில் மட்டும்.

மற்ற பொருட்களின் வரியை இனி மாநிலம் தனியாக ஏற்றவோ இறக்கவோ முடியாது. கையில் மிச்சமிருக்கும் பெரிய கருவிகளில் எரிபொருள் வரி ஒன்று. மத்திய அரசு வாங்கும் 21.90-ல் மாநிலங்களோடு பகிரப்படுவதும் அடிப்படைக் கலால் வரியான 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மீதி, கூடுதல் வரி, செஸ் என்ற பெயரில் மத்திய அரசிடமே நின்றுவிடுகிறது. எனவே, 'வரியைக் குறையுங்கள்' என்று இரு அரசுகளும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டே இருக்கின்றன.

அடுத்த முறை கவனிக்க வேண்டியது

'பெட்ரோல் வரி குறைப்பு' என்று செய்தி வந்தால் மூன்று கேள்விகள் போதும். குறைத்தது மத்திய அரசா, மாநில அரசா? குறைந்தது விகிதமா, நிலையான தொகையா? அந்தக் குறைப்பு பங்க் விலையில் அப்படியே வந்ததா? மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கலால் வரியை 2 ரூபாய் உயர்த்தியது. எண்ணெய் நிறுவனங்களே அதை ஏற்றுக்கொண்டதால் பங்க் விலை ஏறவில்லை. அதாவது, கச்சா எண்ணெய் மலிந்ததில் மக்களுக்கு வந்திருக்கக்கூடிய 2 ரூபாய், வராமலே போய்விட்டது. விலைப்பலகையில் எதுவும் மாறாததால் யாரும் கேட்கவும் இல்லை.