கேளிக்கையும் கேள்வியும்

வள்ளுவப் பெருந்தகை கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கண்ணால் கற்பது போலவே செவியால் கற்பதும் கல்வி என்பது நம் முன்னோர் கண்ட நெறி. ஆயினும் வானொலிப் பாட்டு, நகைச்சுவை, விருப்பப் பாடல் என்றதும் நம்முள் பெரியோர் சிலர் முகம் சுளிக்கின்றனர். செய்தி கேட்கலாம், சொற்பொழிவு கேட்கலாம், ஏனையவெல்லாம் பொழுதைக் கொல்வன என்பது அவர்தம் கருத்து. பெரியோர் மீது நாம் கொண்ட மதிப்பு குன்றாமலேயே இக்கருத்தை மறுக்க விரும்புகிறோம். பொழுதுபோக்கு விலக்கத்தக்கதன்று, செம்மையாகச் செய்யத்தக்கது. வானொலியின் வரலாறே இதற்குச் சான்று பகரும்.

இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் ஓய்ந்த 1945ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், பி.பி.சி. நிறுவனம் 'லைட் புரோகிராம்' என்னும் தனி ஒலிபரப்பைத் தொடங்கியது. போரால் களைத்த மக்களுக்கு மெல்லிசையும் நகைச்சுவையும் தொடர்நாடகமும் நாள்தோறும் அதில் வழங்கப்பட்டன. இல்லத்தரசியர்க்கு விருப்பப் பாடல், மகளிர்க்கு ஒரு மணி நேரம், மழலையர்க்குக் கதை என ஒரு நாளின் பொழுதுகள் பகுக்கப்பட்டன. ஆனால் எளிய நிகழ்ச்சிதானே என்று மொழியை எவரும் கைவிடவில்லை. நகைச்சுவை எழுதுவோர் எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதற்கே அந்நிறுவனம் ஒரு கையேடு வைத்திருந்தது. உடற்குறையுடையோரை எள்ளும் துணுக்குகளும் கொச்சைப் பேச்சும் அதில் விலக்கப்பட்டிருந்தன. சிரிக்க வைப்போர்க்கும் ஒரு பொறுப்புண்டு என்று உணர்ந்த செயல் அது.

நம் நாட்டில் நிகழ்ந்தது வேறு. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் செவ்விசையில் பெரும்பற்றுடையவர். திரையிசை மக்களின் சுவையைக் கெடுக்கிறது என்று கருதியவர். அவர் காலத்தில் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளாலும், படத் தயாரிப்பாளரோடு நேர்ந்த பிணக்காலும் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகி மறைந்தன. மக்கள் என் செய்தனர்? செவ்விசைக்குத் திரும்பினரா? இல்லை. வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினர்! அவர்களைத் திரும்பப் பெறும் முயற்சியாக 1957 அக்டோபர் 3ஆம் நாள் நம் அரசே 'விவித பாரதி'யைத் தொடங்க வேண்டியதாயிற்று. விலக்கியது விலகவில்லை, வேறு வாயில் வழியே வந்தது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தடையும் இவ்வாறே முடியும் என்பதை நாம் மறத்தலாகாது.

கொழும்பின் ஒலிபரப்பு வலிமையும் போரின் எச்சமே. நேச நாட்டுப் படையினர்க்காக இலங்கையில் நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க ஒலிபரப்புக் கருவி போருக்குப் பின் அந்நாட்டிடம் சேர்ந்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தி வானொலிப் பெட்டி வைத்திருந்த அக்காலத்தில், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளின் இல்லங்களிலும் தேநீர்க் கடைகளிலும் இலங்கை வானொலி ஒலித்ததை மூத்தோர் நினைவுகூர்வர். காலையில் 'பொங்கும் பூம்புனல்'. பின்னர் பிறந்தநாள் வாழ்த்து. நேயர் அஞ்சலட்டையில் எழுதிக் கேட்ட 'நீங்கள் கேட்டவை'. பாடல்களைக் கதையோடு கோத்த 'இசையும் கதையும்' என ஒரு நாள் இனிதே கழியும். தம் பெயரும் தம் ஊர்ப்பெயரும் கடல் கடந்து பிழையின்றி ஒலிக்கக் கேட்டவர் அடைந்த பெருமிதம் சிறிதோ?

அந்நிகழ்ச்சிகளின் உள்ளீடு பெரும்பாலும் திரைப்பாடலே. உயர்வு அவற்றை வழங்கிய தமிழில் இருந்தது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் நாவில் லகர, ளகர, ழகரங்கள் தத்தம் இடம் பிறழாது நின்றன. கொழும்பில் பிறந்த இசுலாமியரான அப்துல் ஹமீத், இருகரைத் தமிழரும் உச்சரிப்புக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளும் நிலையை அடைந்தது நமக்கு உவகை தருவது. அவர் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' வெறும் விளையாட்டன்று. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாடலைத் தேடுகின்றவன், எவ்வெழுத்து மொழிக்கு முதலில் வரும், எது வாராது என்பதைத் தானே உணர்கிறான். நன்னூல் நூற்பாவைக் கண்டறியாதவரும் அவ்வறிவை விளையாட்டாகவே பெற்றனர். இதனைப் பொழுதைக் கொல்லுதல் என்பது எங்ஙனம்?

இன்று நிலை யாது? 1931 முதல் மின்வண்டி ஓடும் கடற்கரை - தாம்பரம் தடத்தில் மாணவர் பலர் செவியில் கருவி பொருத்தியே பயணம் செய்கின்றனர். அவர்கள் கேட்பனவற்றுள் பல, ஆங்கிலச் சொற்களிடையே ஆங்காங்கே தமிழ் தலைகாட்டும் பேச்சு. வாழைக்கும் வாளைக்கும் வேறுபாடு தோன்றாத ஒலிப்பு. பெரியோரின் கவலையில் உண்மை உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் கண்டித்தலும் தடுத்தலும் கேஸ்கர் கண்ட முடிவையே தரும். கையிலுள்ள கருவியில் முள்ளைத் திருப்புதல் அன்றைவிட இன்று எளிது.

ஆகவே நாம் வேண்டுவது ஒன்றே. கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த அரசு இசைவளித்து இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. கிண்டி அண்ணா பல்கலைக்கழகம் 2004இலேயே நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியைத் தொடங்கி வழிகாட்டிற்று. தாம்பரம் முதல் வண்டலூர் வரை கல்லூரிகள் நிறைந்த இப்பகுதியில், தமிழ்த்துறைகள் அவ்வழியே முன்வரலாகாதா? ஒலிபரப்புக் கருவி இல்லையேல் உணவு இடைவேளையில் ஓர் ஒலிபெருக்கி போதும். மாணவரே எழுதட்டும், மாணவரே அறிவிக்கட்டும், பாட்டும் நகையும் இருக்கட்டும். ஆசிரியர் ஒருவர் அருகிருந்து ஒலிப்பைத் திருத்தட்டும். பெரியோர் அதனைச் செவிமடுத்து, குறையிருப்பின் சுட்டட்டும்.

இலக்கண வகுப்பில் பிடிபடாத ழகரம், ஒலிவாங்கியின் முன் நிற்கும் மாணவனுக்குப் பிடிபடும். ஏனெனில் அங்கே அவன் சொல்லைக் கேட்க நால்வர் காத்திருக்கின்றனர்.