கேபிள் டி.வி.யின் கடிவாளம் யார் கையில்?

மாதக் கட்டணம் ஏறினாலோ, ஒரு தமிழ்ச் சானல் திடீரென்று மறைந்தாலோ, தேஹு ரோடு தமிழர் யாரிடம் முறையிடுவது? கண்டோன்மென்ட் போர்டிடமா, மும்பை மந்திராலயத்திடமா, டில்லியிடமா?

சட்டப்படி டில்லியிடம்தான். ஒலி, ஒளிபரப்பு மத்தியப் பட்டியலில் உள்ளது. 1995-ம் ஆண்டு கேபிள் டி.வி. சட்டம் மத்திய அரசின் சட்டம். ஆபரேட்டர்கள் தலைமைத் தபாலாபீசில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். 2025 ஜனவரி 17 முதல் அதையும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே எடுத்துக்கொண்டது. கட்டண விதிகளை வகுப்பது 'டிராய்'. விதிமீறலுக்குக் கருவிகளைக் கைப்பற்றும் அதிகாரம் மாநிலத்தின் கலெக்டருக்கும் போலீஸ் கமிஷனருக்கும் உண்டு. உள்ளூராட்சிக்குக் கம்பம் நடவும் குழி தோண்டவும் அனுமதி தரும் வேலை. நம் ஊரில் அந்த உள்ளூராட்சியும் பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்தது!

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே நகராட்சியே கம்பெனிக்கு உரிமம் தந்து, வருமானத்தில் 5 சதவீதம் வரை கட்டணம் பெற்று வந்தது. 2005-ல் டெக்சாசும் 2006-ல் கலிபோர்னியாவும் அந்த உரிமத்தை மாநிலத்தின் கைக்கு மாற்றின. கம்பெனிகளுக்குச் சௌகரியம், பேரம் பேசும் பலத்தை இழந்தவை நகரங்கள்.

தமிழ்நாடு வேறு வழியில் போனது. 2007-ல் உருவான அரசு கேபிள் நிறுவனம், 2011 செப்டம்பரில் புத்துயிர் பெற்று, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தந்தது. ஏழைக்கு அது பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் தொடக்கத்தில் சன் குழுமத்தின் கட்டணச் சானல்கள் அதில் இல்லை. அரசுகள் இத்தொழிலில் இறங்கக்கூடாது என்று 'டிராய்' 2008-லும் 2012-லும் சொன்னது. 2023 இறுதிக்குள் விலகுங்கள் என்று மத்திய அரசும் 2022-ல் அறிவுறுத்தியது. அதன் பிறகும் அரசு கேபிள் நடந்தது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிக் கவலை உண்டு. மகாராஷ்டிர அரசு இப்படி ஒரு கேபிள் நடத்தினால் முதல் வரிசை மராத்திக்குத்தான், அது நியாயமும்கூட. நமது பங்கு அவர்கள் மனசைப் பொறுத்ததாகிவிடும். இன்று 2019 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, வேண்டிய சானலைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். நம்மைப் போன்ற சிறுபான்மையினருக்கு இது மாநிலக் கட்டுப்பாட்டைவிட மேல்.

குறை எங்கே என்றால், டில்லி தொலைவில் இருக்கிறது. 'டிராய்' தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. முதலில் கம்பெனியின் புகார் மையம், பிறகு அதன் நோடல் அதிகாரி என்றுதான் போகவேண்டும். புகார் கேட்கும் பொறுப்பையாவது கண்டோன்மென்ட் போர்டு போன்ற உள்ளூர் அமைப்புகளுக்குச் சட்டம் தரவேண்டும். அதுவரை, ஆபரேட்டர் நீட்டும் தொகுப்பை அப்படியே ஏற்காமல், ஒவ்வொரு சானலின் விலையையும் கேட்டு, ரசீதும் வாங்கிக்கொள்வது நல்லது.