முழுக் காசு, குறை எடை! ரயில்வேயின் தராசுக்கு முத்திரை குத்துவது யார்?

மண்ணடியிலும் பர்மா பஜாரிலும் கடை வைத்திருக்கும் சகோதரர்களே! பெரியமேட்டுத் தோல் மண்டிகளில் கணக்கெழுதும் இளைஞர்களே! உங்களிடம் ஒரு கேள்வி.

ஒரு கிலோ சர்க்கரைக்குக் காசு வாங்கிக்கொண்டு எழுநூறு கிராம் நிறுத்துக் கொடுத்தால் ஊர் உங்களை என்ன சொல்லும்? மோசடிக்காரன் என்று சொல்லும். அதற்கு முன்பே முத்திரை ஆய்வாளர் கடைக்கு வந்துவிடுவார். தராசைப் புரட்டிப் பார்ப்பார். எடை சரியாக இருந்தாலும் முத்திரையின் தவணை முடிந்திருந்தால் வழக்குப் போடுவார். போடட்டும், அது நியாயம்தான்.

ஆனால் ஒரு மாதத்துக்கான சீசன் டிக்கெட் காசை முன்கூட்டியே முழுசாக எண்ணி வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, நினைத்த நாளில் நினைத்த நேரத்துக்கு ரயிலை விடுவதும், 'பராமரிப்புப் பணி' என்று ஒரு செய்திக்குறிப்பை வீசிவிட்டு ரத்து செய்வதுமாக நடக்கிறதே ஒரு வியாபாரம், அதற்கு என்ன பெயர்? 'தாமதம்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒலிபெருக்கி சொல்கிறது. வருந்துவதற்குக்கூட ஆள் கிடையாது. அது பதிவு செய்து வைத்த குரல்!

பறக்கும் ரயிலின் கதையை மறந்திருக்க மாட்டீர்கள். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது தடம் போடப் போகிறோம் என்று சொல்லி, 2023 ஆகஸ்ட் 27 முதல் வேளச்சேரி ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு வெட்டினார்கள். ஏழு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தடத்தின் நீளம் நாலரை கிலோமீட்டர்கூட இல்லை. தடம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மக்கள் பொறுத்தார்கள். ஏழு மாதம் போனது, எட்டு போனது, பத்து போனது. ரயில் மறுபடியும் கடற்கரை நிலையத்தைத் தொட்டது 2024 அக்டோபர் 29 அன்று. பதினான்கு மாதம்! ஏழுக்கு இரட்டிப்பு!

நிலம் கைக்கு வரவில்லை என்பது தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. நிலம் கைக்கு வராமல் ஓடுகிற ரயிலை நிறுத்தச் சொன்னது யார்? வீடு கட்டுகிறவன் மனை பத்திரமாகும் முன் இருக்கிற வீட்டை இடிப்பானா?

இந்தப் பதினான்கு மாதமும் யார் தலையில் விடிந்தது என்று பாருங்கள். திருவல்லிக்கேணியில் ஏறினால் பர்மா பஜார் எதிரிலேயே இறங்கலாம். டிக்கெட் ஐந்து ரூபாய். அந்த வழி அடைபட்டதும் சரக்கு மூட்டையோடு சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, பூங்கா நிலையம் வரை நடந்து, வேறொரு ரயிலுக்கு நிற்க வேண்டும். முடியாதவர் ஷேர் ஆட்டோவுக்கு அழ வேண்டும். 2024 ரமலான் வியாபாரமும் இதற்குள்தான் வந்து போனது. சொன்ன சொல்படி மார்ச் கடைசியில் ரயில் வந்திருந்தால், பெருநாளுக்கு முந்திய இரண்டு வாரமாவது நம் சிறுகடைக்காரனுக்குக் கிடைத்திருக்கும். எந்த அதிகாரியின் சம்பளத்தில் இந்த நஷ்டம் பிடிக்கப்பட்டது?

வடக்கே போனால் இதைவிட மோசம். அத்திப்பட்டு வரை நான்கு தடங்கள். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வரை இரண்டே தடங்கள். எக்ஸ்பிரஸ், சரக்கு வண்டி, புறநகர் ரயில் எல்லாம் அந்த இரண்டிலேதான் போக வேண்டும். டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் போகிற வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக நிற்பது எப்போதும் உள்ளூர் வண்டிதான். பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்துப் பொன்னேரிக்கு வந்து ரயிலுக்கு நிற்கும் நம் மக்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

(ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் நகர முடியவில்லை. கும்மிடிப்பூண்டி வண்டியும் அரக்கோணம் வண்டியும் புறப்படும் நிலையத்துக்கு 'மூர் மார்க்கெட் வளாகம்' என்று பெயர். 1985ல் எரிந்து போன மூர் மார்க்கெட் இருந்த இடம் அது. சிறு வியாபாரிகளின் இடத்தில் எழுந்த நிலையத்திலேயே சிறு வியாபாரி கால் கடுக்க நிற்கிறான்!)

'பத்து நிமிடம் தாமதமானால் குடியா முழுகிவிடும்?' என்று கேட்கும் மேதாவிகள் உண்டு. முழுகும்! ஒரு வண்டி வராவிட்டால் இரண்டு வண்டிக் கூட்டம் ஒரு வண்டியில் ஏறுகிறது. உள்ளே இடமில்லாதவன் படிக்கட்டில் தொங்குகிறான். 2018 ஜூலை 24 காலை நடந்தது என்ன? உயர் மின்கம்பி அறுந்து போனதால் புறநகர் ரயில்கள் விரைவுத் தடத்தில் திருப்பிவிடப்பட்டன. திருமால்பூர் ரயிலில் தொங்கிக்கொண்டு போனவர்கள் பரங்கிமலை நிலையத்தின் தடுப்புச் சுவரில் மோதி விழுந்தார்கள். குறைந்தது நான்கு உயிர்கள் போயின. மும்பையில் நம் உழைக்கும் மக்கள் நிறைந்த மும்ப்ரா அருகே 2025 ஜூன் 9 அன்று எதிரெதிரே வந்த இரண்டு ரயில்களில் தொங்கியவர்கள் கீழே விழுந்தார்கள். அங்கேயும் குறைந்தது நான்கு பேர் பலி.

உடனே என்ன சொல்வார்கள்? 'படியில் பயணம் நொடியில் மரணம்!' படியில் நிற்பவனுக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐநூறு ரூபாய் வரை அபராதம் என்று 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் சொல்கிறது. படிக்குத் தள்ளியவனுக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் தேடிப் பாருங்கள்.

சீசன் ஒரு நாள் காலாவதியாகியிருந்தால் உங்களிடம் குறைந்தது 250 ரூபாய் அபராதம் வசூலிக்கிறார்கள். எக்ஸ்பிரஸில் முன்பதிவு செய்தவருக்கோ வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணம் போகாமல் முழுக் காசையும் திருப்பிக் கேட்கும் உரிமை உண்டு. சீசன்காரனுக்கு? ஒரு பைசா திரும்பாது. ஏன் இந்த ஓரவஞ்சனை?

சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல வேண்டாம். அஜ்மீர் – ஜம்மு எக்ஸ்பிரஸ் 2016ல் நான்கு மணி நேரம் தாமதமாகி, ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட ஒரு பயணிக்கு 30,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பதை 2021 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. தாமதத்துக்கான காரணம் தன் கையை மீறியது என்று ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. விமானத்தைத் தவறவிட்டவருக்குக் கிடைத்த நீதி, கடை திறக்கும் நேரத்தைத் தவறவிட்டவனுக்குக் கிடையாதா? 2020 ஊரடங்கில் வீணாய்ப் போன நாட்களுக்கு ஈடாக மும்பையில் சீசன் நாட்களை நீட்டித்துக் கொடுத்ததும் இதே ரயில்வேதான். அங்கே அன்று முடிந்தது இங்கே ரத்தாகும் நாட்களுக்கு ஏன் முடியாது? கேட்பதும் அவ்வளவுதான். ரத்து செய்த நாட்களைச் சீசனில் கூட்டிக்கொடு!

2025 ஏப்ரலில் குளிர்சாதன ரயில் விட்டார்கள். குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய். வரட்டும், வசதி உள்ளவர் போகட்டும். ஐந்து ரூபாய் வண்டி நேரத்துக்கு வருவதைச் சாதித்துவிட்டு அதற்கு மாலை போட்டிருக்கலாம்.

முதலாளி சகோதரர்களே, உங்களுக்கும் ஒன்று. கடைப் பையன் ரயிலால் பிந்தி வந்தால் அரை நாள் கூலியைப் பிடிக்கிறீர்கள். ரயில்வேயிடம் காட்ட வேண்டிய கோபத்தை அந்தப் பையனிடம் காட்டுவது எந்த ஊர் நியாயம்? ரயில் உபயோகிப்போர் ஆலோசனைக் குழுக்கள் கோட்ட அளவிலும் மண்டல அளவிலும் இருக்கின்றன. வணிகர் அமைப்புகளுக்கு அதில் இடம் உண்டு. நம் வியாபாரிகள் சங்கங்களில் எத்தனை அந்த இடத்தைக் கேட்டு ஒரு கடிதம் போட்டிருக்கின்றன? ஆண்டு விழாவுக்கு அமைச்சரை அழைக்கக் காட்டும் அக்கறையில் பாதி போதுமே!

இளைஞர்களே, பெட்டிக்குள் புலம்பியது போதும். நீங்கள் ஏறும் வண்டி வர வேண்டிய நேரம், வந்த நேரம் இரண்டையும் ஒரு மாதம் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். பிறகு அதே மாதத்துக்கான ரயில்வேயின் கணக்கை, 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள்: எத்தனை வண்டி ரத்து, எத்தனை வண்டி தாமதம், என்ன காரணம்? கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். மனுவைத் தமிழிலேயே எழுதலாம்.