தொப்பையும் திட்டமும்

ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் ஒரு மறுமோதல் அறிவிக்கப்பட்டதுமே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு உடம்புதான் பேச்சு. யார் எடை கூட்டியிருக்கிறார், யாருக்கு இடுப்பில் சதை தொங்குகிறது, யாருக்கு 12 ரவுண்டும் தம் தாங்கும் என்பதே அவர்கள் கவலை. இன்னொரு கட்சி உத்தியைப் பேசும். இந்த முறை தள்ளி நின்று ஜாப் அடிக்க வேண்டும், இல்லை, நெருங்கிப் போய் விலாவைப் பதம் பார்க்க வேண்டும் என்று அவர்கள் மல்லுக்கு நிற்பார்கள். கடைசியில் உடல்தகுதிக்கு இத்தனை மதிப்பெண், உத்திக்கு இத்தனை என்று கூட்டி, வெல்லப்போகிறவரின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். இந்தக் கணக்கே கோணல் என்பதுதான் என் வாதம். ஒரு வீரர் தயாராக இருக்கிறாரா என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் இல்லை. எந்த ஆட்டத்துக்கு, யாரை எதிர்த்து என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும். ஹெவிவெயிட்டில் இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். மற்ற பிரிவுகளில் எடைக்கு உச்சவரம்பு உண்டு. அங்கே தராசில் ஏறுவது விதிக்குக் கட்டுப்படுவது. ஹெவிவெயிட்டில், இன்றைய கணக்கில் 200 பவுண்டைத் தாண்டியவர் எவ்வளவு கனமாகவும் வரலாம். ஆக அங்கே எடை என்பது வீரர் தானாகத் தேர்ந்தெடுத்தது, அல்லது தானாகக் கைவிட்டது. எப்படியானாலும் அதைத் திட்டத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஆண்டி ரூயிஸும் ஆன்டனி ஜோஷுவாவும் 2019-இல் ஆறு மாத இடைவெளியில் மோதிய இரண்டு சண்டைகளும் இதற்கு நல்ல பாடம். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய ஜேரெல் மில்லருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டவர் ரூயிஸ். ஜூன் 1 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர் 268 பவுண்டு எடையில், அதாவது ஏறத்தாழ 122 கிலோவில், மேடையேறியபோது அந்த வயிற்றைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. எதிரே சிற்பம் போன்ற உடலோடு ஜோஷுவா. மூன்றாவது ரவுண்டில் ரூயிஸை வீழ்த்திய ஜோஷுவா, முடித்துவிடலாம் என்று உள்ளே பாய்ந்தார். கைக்குக் கை வீசிய அந்த நெருக்கத்தில் ரூயிஸின் இடது ஹூக் அவருடைய நெற்றிப்பொட்டில் இறங்கியது. அதே ரவுண்டில் இரண்டு முறை, ஏழாவது ரவுண்டில் மேலும் இரண்டு முறை ஜோஷுவா விழுந்தார்; நடுவர் சண்டையை நிறுத்தினார். அன்று அந்தத் தொப்பையால் ரூயிஸுக்கு ஒரு கேடும் வரவில்லை. காரணம் எளிது. அவர் யாரையும் துரத்த வேண்டியிருக்கவில்லை. அவருடைய வேகமான கைகள் எட்டும் தூரத்துக்கு ஜோஷுவாவே வந்து நின்றார்.

டிசம்பர் 7 அன்று சவூதி அரேபியாவின் திரியாவில் நடந்த மறுமோதலுக்கு ரூயிஸ் 283 பவுண்டுக்கு மேலான எடையோடு வந்தார். ஜோஷுவா ஏறத்தாழ 10 பவுண்டு குறைத்து 237-இல் நின்றார். 12 ரவுண்டும் ஜாப் அடித்துவிட்டு நகர்ந்தார், நெருங்கினால் கட்டிப்பிடித்தார், மறுபடி நகர்ந்தார். இரண்டு நடுவர்கள் 118-110 என்றும் ஒருவர் 119-109 என்றும் அவருக்குக் கொடுத்தார்கள். ரூயிஸ் குண்டாகிவிட்டார், அதனால் தோற்றார் என்பதே அன்றைக்கும் இன்றைக்கும் பொதுத் தீர்ப்பு. கொண்டாட்டத்தில் பயிற்சியைக் கோட்டை விட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பாதி விளக்கம்தான். டிசம்பரில் அவருக்குக் கிடைத்த வேலையே வேறு. ஓடுகிற உயரமான ஆளை மூலைக்குத் தள்ள வேண்டும். அதற்குக் கை வேகம் போதாது, கால் வேண்டும். அந்த 15 பவுண்டு ஏறாமல் வந்திருந்தாலும் அவர் பெரும்பாலும் தோற்றிருப்பார் என்பதே என் கணிப்பு. புள்ளி வித்தியாசம் குறைந்திருக்கலாம். அதே அளவுகோலை ஜோஷுவாவுக்கும் வைத்துப் பார்க்கலாம். இளைத்த அந்த உடம்போடு அவர் மீண்டும் நின்று மோதியிருந்தால், ஜூனில் நடந்தது இன்னும் சீக்கிரமாக நடந்திருக்கக்கூடும். இளைத்தது அவரைக் காப்பாற்றவில்லை. நகர்ந்துகொண்டே இருப்பது என்ற முடிவுதான் காப்பாற்றியது. இளைத்த உடம்பு அந்த முடிவுக்கு உழைத்தது.

இரண்டே மாதம் கழித்து இதற்கு நேர்மாறான காட்சி. 2018 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் டியான்டே வைல்டரோடு சமன் செய்த டைசன் ஃப்யூரி அப்போது 256.5 பவுண்டு. ஆடிப் போக்குக் காட்டி அடியைத் தவற வைப்பவர் என்றே அவருக்குப் பெயர். 2020 பிப்ரவரி 22 அன்று லாஸ் வேகாஸ் மறுமோதலுக்கு அவர் 273 பவுண்டோடு வந்தார். உடம்புக் கட்சிக்காரர்களில் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். சினிமா நம்மைப் பழக்கியிருக்கிறது: பயிற்சிப் பாட்டு முடிவதற்குள் தொப்பை கரைந்தால்தான் நாயகன் ஜெயிப்பான். ஃப்யூரியோ பழைய பயிற்சியாளரை விட்டுவிட்டு, டெட்ராய்ட்டின் புகழ்பெற்ற க்ராங்க் ஜிம்மில் வளர்ந்த சுகர்ஹில் ஸ்டீவர்டைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளி நாக்அவுட்டுக்குப் பேர்போனது. மணி அடித்ததும் மேடையின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு வைல்டரைப் பின்னுக்குத் தள்ளினார். நெருங்கிய போதெல்லாம் தன் முழு எடையையும் அவர் கழுத்திலும் தோளிலும் சாய்த்தார். மூன்றாம் ரவுண்டிலும் ஐந்தாம் ரவுண்டிலும் வைல்டர் விழுந்தார். ஏழாம் ரவுண்டில் வைல்டரின் மூலையிலிருந்து துண்டு பறந்து வந்தது. கூடுதல் 16.5 பவுண்டு அன்று ஃப்யூரிக்குச் சுமையாக இல்லை, ஆயுதமாக இருந்தது. வைல்டரும் 212.5-இலிருந்து 231-க்கு ஏறித்தான் வந்திருந்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவருக்கு அந்த எடையை எங்கே செலவிடுவது என்று தெரியவில்லை. மேடைக்கு அணிந்து வந்த கனத்த அலங்கார உடை தன் கால்களைக் களைப்பாக்கிவிட்டது என்று அவர் பிறகு சொன்ன சமாதானத்தை ரசிகர்கள் இன்றுவரை விடவில்லை.

தம் என்று நாம் சொல்வதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் இது புரியும். மூன்று நிமிடம் சண்டை, ஒரு நிமிடம் ஓய்வு. 12 ரவுண்டு போனால் 36 நிமிடச் சண்டை. அதில் பெரும்பகுதி நேரம் யாரும் முழு மூச்சாக அடிப்பதில்லை. சில வினாடி வெடிப்பு, பிறகு மீள்வது, மறுபடி வெடிப்பு. எவ்வளவு விரைவாக மீள்கிறார் என்பதில்தான் பயிற்சி தெரியும். ஆனால் மூச்சைத் தின்பவை வேறு: காற்றில் போன அடி, இறுகிப்போன தோள், எதிரி பாசாங்காகக் கை நீட்டும்போதெல்லாம் துள்ளி விலகுவது, கட்டிப்பிடியில் இன்னொருவரின் எடையைத் தாங்குவது. இவை எல்லாமே ஆட்டத்தின் வேகம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட காருக்கு மைலேஜ் கிடைக்காது. எஞ்சினைக் குறை சொல்லிப் பயனில்லை. தானே நேரம் பார்த்து அடிக்கும்போது பத்தாவது ரவுண்டிலும் புத்துணர்ச்சியோடு இருப்பவர், எதிரி வைத்த வேகத்துக்கு ஆடும்போது ஐந்தாவதிலேயே வாய் திறந்து மூச்சு வாங்குவார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உடம்பு இல்லாமல் திட்டம் ஏது? எவ்வளவு நல்ல உத்தியும் கால் தளர்ந்தவுடன் காகிதம்தானே? லெனாக்ஸ் லூயிஸை உதாரணம் காட்டுவார்கள். 2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் பிராக்பானில், கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலான ஊரில், ஹசீம் ரஹ்மானை அவர் சந்தித்தார். ரஹ்மான் முன்கூட்டியே வந்து அந்தக் காற்றுக்குப் பழகிக்கொண்டார். லூயிஸ் தாமதமாக வந்தார். அதற்கு முன் ஹாலிவுட் படம் ஒன்றில் தலைகாட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாம் ரவுண்டில் ஒரே வலது கை அடி, ஆட்டம் முடிந்தது. நவம்பரில் லாஸ் வேகாஸில் ஒழுங்காகத் தயாராகி வந்து நான்காம் ரவுண்டில் ரஹ்மானை வீழ்த்தினார். இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஒரு அடித்தளம் கட்டாயம் வேண்டும். அதற்குக் கீழே போனவரிடம் திட்டத்தைப் பற்றிப் பேசுவதே வீண். ஆனால் மறுமோதலுக்கு வருகிறவர்களில் அந்த அடித்தளத்துக்குக் கீழே இருப்பவர்கள் மிகச் சிலர். மற்றவர்களை அதே கோலால் அளக்கும்போதுதான் பிழை வருகிறது. லூயிஸ் விஷயத்திலும், முதல் சண்டையில் கயிற்றோரமாகக் கை தாழ்த்தி நின்றவர், இரண்டாவதில் ஜாபை முன்னே வைத்து ரஹ்மானைத் தூரத்தில் நிறுத்தினார். நுரையீரல் மட்டும் அதைச் செய்யவில்லை.

இன்னொரு மறுப்பு என் உதாரணத்தையே என் மீது திருப்பும். எடை கூட்டியதால் வைல்டரை வென்ற அதே ஃப்யூரி, 2024-இல் ஓலெக்சாண்டர் உசிக்கிடம் என்ன ஆனார்? மே மாதம் ரியாத்தில் 262 பவுண்டோடு மோதி, ஒன்பதாம் ரவுண்டில் நின்ற நிலையில் எண்ணப்பட்டு, மூன்றில் இருவர் தீர்ப்பில் தோற்றார். டிசம்பர் 21 மறுமோதலுக்கு 281 பவுண்டு. (அன்று இருவரும் உடையோடே தராசில் ஏறினார்கள், எத்தனை பவுண்டு துணி என்று தெரியாமலே ரசிகர்கள் அந்த எண்ணை வைத்துச் சண்டை போட்டார்கள்.) வைல்டரைத் தள்ளியது போல உசிக்கையும் தள்ளப்போகிறார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். மூன்று நடுவர்களும் 116-112 என்று உசிக் பக்கம் எழுதினார்கள். இது என் வாதத்தை உடைக்கிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கூடுதல் எடையை உபயோகிக்கும் ஆட்டத்தை ஃப்யூரி அன்று நீடித்து ஆடவே இல்லை. பெரும்பாலும் தூரத்தில் நின்றே குத்தினார். சாய்ந்து அழுத்த வேண்டுமென்றால் எதிரி நேர்க்கோட்டில் பின்வாங்க வேண்டும். வைல்டர் அப்படித்தான் பின்வாங்கினார். இடக்கை வீரரான உசிக் பக்கவாட்டில் ஓர் அடி எடுத்து வைத்துக் கோணத்தை மாற்றிவிடுகிறார். அவர் மீது சாய்வதற்கு அங்கே ஆளே இருப்பதில்லை. உசிக் தன் எடையில் அதிகம் கை வைக்காதவர் என்பதையும் கவனிக்க வேண்டும். ஜோஷுவாவோடு மோதிய இரண்டு முறையும் ஏறத்தாழ 221 பவுண்டு. 2022 ஆகஸ்டில் ஜெட்டாவில் ஜோஷுவா கூடுதல் எடையோடு வந்து உடலில் அடித்தார். ஒன்பதாம் ரவுண்டில் உசிக் தடுமாறினார். பத்தாம் ரவுண்டில் உசிக் வேகத்தைக் கூட்டி ஆட்டத்தைத் திருப்பிப் பிடித்தார். ஜோஷுவாவின் திட்டம் தவறல்ல. அந்தத் திட்டத்துக்கான தம்மை உசிக் வைத்த வேகம் தின்றுவிட்டது.

முடிவு தெரிந்த பிறகு காரணம் சொல்வது யாருக்கும் எளிது என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் ஃப்யூரி விஷயத்தில் தடயங்கள் முன்பே கண்ணெதிரே இருந்தன. எடை ஏறியது, பயிற்சியாளர் மாறினார், நாக்அவுட்டுக்குப் போகப்போவதாக அவரே வாய்விட்டுச் சொன்னார். முதல் சண்டையின் 12-ஆம் ரவுண்டில் விழுந்து எழுந்தவர் வைல்டரையே பின்வாங்க வைத்து ரவுண்டை முடித்ததும் பதிவில் இருந்தது. நான்கும் ஒரே திசையைக் காட்டின. ரூயிஸுக்கு எடை மட்டும் மாறியது. வேறெதுவும் மாறியதற்கு அடையாளம் இல்லை. எந்நேரமும் இப்படித் தெளிவாக இருக்காது என்பதும் உண்மை. 1993 நவம்பரில் ரிடிக் போவை மறுமுறை சந்தித்த எவாண்டர் ஹோலிஃபீல்ட் 205-இலிருந்து 217-க்கு எடை ஏறியிருந்தார். முட்டி மோதத்தான் வருகிறார் என்று அந்த எண்ணைப் படித்தவர்கள் தப்பாகப் படித்தார்கள். அவர் இம்மானுவல் ஸ்டீவர்டின் பயிற்சியில் முந்தையதைவிட நிதானமாகக் குத்துச்சண்டை ஆடி, பெரும்பான்மைத் தீர்ப்பில் வென்றார். ஏழாம் ரவுண்டில் பாராசூட்காரர் ஒருவர் மேடைக் கயிற்றில் வந்து சிக்கி ஆட்டம் இருபது நிமிடத்துக்கு மேல் நின்றது. அந்த ஓய்வு யாருக்கு உதவியது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் ஹோலிஃபீல்டைத் தவறவிட்டிருப்போம். பயிற்சியாளர் பெயரைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்திருக்கும்.

இந்த வாதத்துக்கு மிகப் பழைய சாட்சி மாக்ஸ் ஷ்மெலிங். ஜோ லூயிஸ் ஜாப் அடித்தபின் இடது கையைத் தாழ்த்துகிறார் என்பதைப் படச்சுருளில் கண்டுபிடித்து, 1936 ஜூனில் அந்த இடைவெளியில் வலது கையை இறக்கிக்கொண்டே இருந்து, 12-ஆம் ரவுண்டில் அவரை வீழ்த்தினார். காத்திருந்து எதிரடி கொடுக்கும் அந்த ஆட்டத்துக்கு நீண்ட தம் வேண்டும், அவரிடம் இருந்தது. 1938 ஜூன் 22 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் 15 ரவுண்டுக்கு நிர்ணயித்த மறுமோதலுக்கும் அவர் அதே தயாரிப்போடுதான் வந்தார். ஜோ லூயிஸ் மணி அடித்ததும் பாய்ந்தார். சண்டை 124 வினாடியில் முடிந்தது. ஷ்மெலிங் விட்ட அடிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்; ஜோ லூயிஸின் இடது கை இன்னும் தாழ்கிறதா என்று சோதித்துப் பார்க்க அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.