கை கழுவியவர்கள்

போன மாதம் ஒரு லேத் பட்டறைப் பையன் நான் வேலை பார்க்கும் ஓசூர் வங்கிக் கிளைக்கு வந்தான். ஆதார் ரேகை எந்திரத்தில் விரலை வைத்தான். எடுக்கவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தான். ஒன்றும் எடுக்கவில்லை. "போயி நல்லா கைய கழுவிட்டு வாப்பா" என்றார் எங்கள் ஆள் ஒருவர். "கழுவிக்கினுதான் சார் வந்தேன்" என்றான். எதில் கழுவினாய் என்று கேட்டேன். "பெட்ரோல்ல சார்."

அவன் கையில் இல்லாமல் போனது சுத்தம் அல்ல, ரேகை. அதை இரும்பும் பெட்ரோலும் சேர்ந்து தின்றுவிட்டன.

நான் குமாஸ்தா. கவிதையும் எழுதுகிறவன். உழைக்கும் கரங்கள், சிவந்த கரங்கள், உலகைப் படைக்கும் கரங்கள் என்று நாங்கள் எழுதிக் குவித்தது கொஞ்சமல்ல. அந்தக் கரத்தைச் சாயங்காலம் எந்தக் குழாயில் கழுவுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் என் வீட்டிலேயே அப்படி ஒரு கை இருந்தது.

என் அண்ணன் பாகலூர் சாலைப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினான். மொத்தம் ஆறு பேர். குழாய் முதலாளி வீட்டுப் பின்கட்டில். நாலு பேர் அதைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவுவார்கள். அண்ணனும் இன்னொரு சேரிப் பையனும் தள்ளி நிற்க வேண்டும். அந்தம்மா மனசு வைத்தால் சொம்பில் தண்ணீர் தூக்கி ஊற்றும். வைக்காவிட்டால் பெட்ரோல், மரத்தூள், பனியன் வேஸ்ட். ஆறு பேர் கையிலும் ஒரே கிரீஸ்தான். குழாயைத் தொடும்போது மட்டும் அது ரெண்டு சாதியாகப் பிரிந்தது.

அண்ணன் விரல் சந்தெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். காரக்குழம்பைப் பிசைந்தால் எரியும். இருபத்தாறு வயது ஆளுக்கு அம்மா சோறு ஊட்டினாள். அதை யாரும் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்வான்.

சிப்காட் வந்தால் சாதி போய்விடும் என்று எழுபதுகளில் சொன்னார்கள். வந்தது. லாரியும் மொபெட்டும் இங்கிருந்து நாடெங்கும் போயின. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா வரை நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும் ஊர் இது. 'தள்ளி நில்லு' என்பதற்கு மூன்று பாஷையிலும் வார்த்தை இருக்கிறது.

பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் எல்லாம் கிரீஸை மட்டும் எடுப்பதில்லை. தோலுக்குக் காவலாயிருக்கும் அதன் சொந்த எண்ணெயையும் சேர்த்து எடுத்துவிடும். தோல் வறண்டு வெடிக்கும். வெடிப்பில் கூலண்டும் இரும்புப் பொடியும் இறங்கும். அரிப்பு, கொப்புளம், புண். 1775லேயே பெர்சிவல் பாட் என்ற லண்டன் மருத்துவர், புகைபோக்கி துடைக்க இறக்கிவிடப்பட்டவர்களின் தோல் மடிப்பில் தங்கிய கரி பிற்காலத்தில் புற்றாகிறது என்று எழுதினார். சரியாகச் சுத்திகரிக்காத கனிம எண்ணெயும் தோல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பட்டியலிட்டிருக்கிறது. ஆக, கழுவத் தண்ணீர் தராததும் ஆளைக் கொல்லும்.

இதற்குச் சட்டம் எழுதாமல் இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 42ஆம் பிரிவு, தொழிலாளர் கழுவிக்கொள்ளப் போதுமான வசதி, எட்டும் இடத்தில், சுத்தமாக இருக்க வேண்டும் என்றது. அப்போது தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன்ராம். பீகாரில் ஆரா பள்ளியில் படித்தபோது, தீண்டப்படாதவனுக்கென்று தனியாக வைத்த தண்ணீர்ப் பானையைப் போட்டு உடைத்தவர். அவருடைய காங்கிரஸ் அரசியல் மீது நமக்கு விமர்சனம் உண்டு. ஆனால் தனிப்பானை தெரிந்த ஒருவரின் காலத்தில்தான் இந்தப் பிரிவு சட்டமானது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனால் மின்சாரம் ஓடும் பட்டறையில் பத்துப் பேர் இருந்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலை. என் அண்ணன் பட்டறை சட்டத்தின் கண்ணில் படவே இல்லை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் அந்தப் பத்தை இருபதாக்கியது. அதே ஆண்டு கொரோனா வந்து, இருபது நொடி சோப்புப் போட்டுக் கை கழுவு என்று நாட்டுக்கே பாடம் நடந்தது. கை கழுவச் சொன்னவர்கள் பட்டறைக்காரனைக் கை கழுவிவிட்டார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. அழுக்கு நோட்டை எந்த வங்கிக் கிளையும் மறுக்காமல் வாங்கி மாற்றித்தர வேண்டும். ரிசர்வ் வங்கி ஆணை. அந்த நோட்டைச் சம்பாதித்த கைக்கு அப்படி ஓர் ஆணை கிடையாது.

பட்டறைத் தம்பிகளே, பெட்ரோலில் கை கழுவாதீர்கள். தேங்காயெண்ணெயோ சமையல் எண்ணெயோ தேய்த்துக் கிரீஸை இளக்குங்கள். இரும்புத் தூள் இல்லாத துணியால் துடையுங்கள். பிறகு சோப்பும் தண்ணீரும். ஈரம் துடைத்துவிட்டு மறுபடி கொஞ்சம் எண்ணெய். சாப்பிடும் முன் கட்டாயம் கழுவுங்கள். வெடிப்பு ஆறாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன வேலை செய்கிறேன் என்பதைச் சொல்லுங்கள்.

இது போதும் என்று சொல்லிவிட்டு நான் ஒதுங்கினால், நானும் கை கழுவியவன்தான். எண்ணெயை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம், குழாயை வாங்க முடியாது. 1927இல் மகத் குளத்தில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானோரும் இறங்கியது தாகத்துக்காக மட்டுமா? ஆறு பேர் பட்டறையானாலும் ஒரு குழாய், ஒரு சோப்பு, எல்லாக் கைக்கும் ஒன்றாக. தொழிற்சங்கத் தோழர்கள் போனஸ் கேட்கும் தாளில் முதல் கோரிக்கையாக இதை எழுதட்டும். எழுதாத சங்கத்தில் நமக்கு என்ன வேலை?

சொம்பால் தூக்கி ஊற்றும் தண்ணீருக்குக் கையை நீட்டாதீர்கள். குழாயைத் திறங்கள்.