பகலில் இருபது நிமிடம்



உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். மளிகைக் கடைக்காரருக்கு மட்டும் அது கூடாது என்று நாமே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். விடியுமுன் எழுந்து, சேலம் லீ பஜாரில் சரக்கு எடுத்து, அயோத்தியாப்பட்டணம் வந்து கடை திறந்தால், இரவு பத்து மணிக்குத்தான் ஷட்டர் இறங்குகிறது. மதியம் இரண்டு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண் சொக்குகிறது. பற்று நோட்டில் 560 என்பது 650 ஆவதும், வந்த பாக்கியை வரவு வைக்க மறப்பதும் அந்த நேரத்தில்தான். பணம் போனால் சம்பாதிக்கலாம். கணக்கில் சந்தேகப்பட்டுப் போன வாடிக்கையாளர் திரும்புவாரா?

2019இல் தமிழக அரசு, 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க அனுமதித்தது. அங்கே ஆள் மாற்றி ஆள் நிற்கிறார்கள். நம் கடையில் காலையும் இரவும் ஒரே ஆள். நேரத்தில் அவர்களோடு போட்டி போட முடியாது, தெளிவில் போடலாம்.

அமெரிக்காவின் நாசா 1994இல் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று உண்டு. நெடுந்தூர விமானிகளுக்கு, பறக்கும்போதே முறைவைத்து 40 நிமிடம் ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். ஓய்வில்லாத விமானிகளைவிட இவர்களே விழிப்பாக இருந்தார்கள். விமானத்துக்கு ஆகும் யோசனை கல்லாவுக்கு ஆகாதா?

ஆனால் அளவு முக்கியம். முதல் இருபது நிமிடம் லேசான தூக்கம். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கம் பிடித்துக்கொள்ளும். அதில் எழுப்பினால் தலை கனத்து, முன்பைவிட மந்தமாகிவிடும். எனவே மூன்று மணிக்குள், செல்போனில் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுங்கள். படுக்குமுன் ஒரு டீ குடிக்கலாம். அது வேலை செய்யத் தொடங்கும் நேரமும் அலாரம் அடிக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. எழுந்ததும் முகம் கழுவி, ஐந்து நிமிடம் கழித்துக் கணக்கைத் தொடுங்கள். இரவில் தூக்கம் வராதவர்கள் பகலில் படுக்க வேண்டாம். இரவு நன்றாகத் தூங்கியும் பகலெல்லாம் கண் செருகினால் டாக்டரைப் பாருங்கள்.

கடைப் பையன்களையும் மறக்கக் கூடாது. நான்கு மணி நேர வேலைக்குமேல் போனால் ஒரு மணி நேர இடைவேளை தர வேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் கடைகள் சட்டமே சொல்லியிருக்கிறது. மூட்டை தூக்குகிறவருக்கும் கண் உண்டு.

"கடையைச் சாத்தினால் வியாபாரம் போய்விடும்" என்பீர்கள். இரண்டு பேர் இருந்தால் முறை வைத்துக்கொள்ளுங்கள். தனி ஆளாக இருந்தால், "2.30க்குத் திறக்கப்படும்" என்று ஒரு பலகை மாட்டுங்கள். ஒரே தெருவில் உள்ளவர்கள் கூடிப் பேசி ஒரே நேரமாக வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுப்போம்.