எச்சில் ஜோதிடம்

வாயில்லா ஜீவனின் பேரால் பொய் சொல்வதைப் போல் ஆபத்தில்லாத தொழில் உலகத்தில் வேறொன்று இருக்க முடியாது. மனிதனைப் பற்றிப் பொய் சொன்னால் அவன் எழுந்து நின்று, "எனக்கு அப்படி ஒன்றும் இல்லையே!" என்று மறுப்பான். நாய் மறுக்காது, பூனை மறுக்காது. அதன் கன்னத்துக்குள் பஞ்சை விட்டு எச்சிலை ஒற்றியெடுத்து, முதுகிலிருந்து நாலு ரோமத்தைப் பிடுங்கி, இரண்டையும் உறையிலிட்டுத் தபாலில் அனுப்பிவிட்டால் போதும். சில நாட்களில் பதில் வருகிறது: இன்ன இன்ன பண்டம் அதற்கு ஒத்துக்கொள்ளாது, இன்ன புல்லின் மகரந்தம் ஆகாது, வீட்டுத் தூசி ஆகாது, கம்பளி ஆகாது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்து அச்சிட்ட பட்டியல்! நம் கிராமத்துக் கோடாங்கி உடுக்கடித்துக் குறி சொல்வதற்கும் இதற்கும் எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். கோடாங்கி பத்துப் பேர் பார்க்க, நேரில் உட்கார்ந்து சொல்கிறான்.

வீட்டிலேயே செய்துகொள்ளும் இந்தப் பரிசோதனை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சில ஆண்டுகளாக நன்றாக நடக்கிற வியாபாரம். இணையத்தில் பணம் கட்டினால் பெட்டி வீடு தேடி வருகிறது. வைத்தியரிடம் போக வேண்டாம், ஊசி வேண்டாம், இரத்தம் வேண்டாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. இத்தனை 'வேண்டாம்'களோடு உண்மையும் வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டுவிட்டார்கள் என்பது என் குற்றச்சாட்டு. வார்த்தை கடுமையாக இருக்கிறதே என்று நினைப்பவர்கள் மேலே படிக்கட்டும்.

2019-ம் ஆண்டில் கால்நடைத் தோல் மருத்துவர்கள் இருவர் ஒரு காரியம் செய்தார்கள். அலர்ஜி இருப்பது உறுதியாகத் தெரிந்த நாயின் ரோமத்தையும் எச்சிலையும் இப்படிப்பட்ட பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு நோயும் இல்லாத நாயினுடையதையும் அனுப்பினார்கள். அவற்றோடு செயற்கை ரோமத்தையும், எச்சிலே அல்லாத ஒரு நீரையும் சேர்த்து அனுப்பினார்கள். என்ன பதில் வந்தது? நோயுள்ள நாய்க்கும் நோயற்ற நாய்க்கும் செயற்கை ரோமத்துக்கும் வேறுபாடு காண முடியவில்லை. எந்த உயிரின் உடம்பிலும் முளைக்காத ரோமத்துக்குக்கூட உணவு ஒவ்வாமை! ஒரே பொருளைத் திரும்ப அனுப்பிப் பார்த்தபோதும் முடிவுகள் ஒத்துப்போனது, காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதைவிட மேலானதாக இல்லை. 'ஜர்னல் ஆஃப் ஸ்மால் அனிமல் பிராக்டிஸ்' என்ற பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் இது அச்சாகி இருக்கிறது. அதற்குப் பிறகும் பெட்டிகள் விற்பனையாகிக்கொண்டுதான் இருக்கின்றன.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? 'அலர்ஜி' என்ற சொல்லை 1906-ல் உண்டாக்கியவர் வியன்னா நகரத்து மருத்துவர் கிளெமன்ஸ் ஃபான் பிர்க்கே. அதற்கு 60 ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்காவில் இஷிஸாகா தம்பதிகளும் ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் என்ற இருவரும் தனித்தனியே ஆராய்ந்து, இந்தக் கலகத்தை நடத்தும் ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பொருள் இருப்பது இரத்தத்தில். தோலுக்கடியிலும் குடலிலும் உள்ள சில அணுக்களின் மேல். ரோமம் என்பது என்ன? வேரைவிட்டு வெளியே வந்ததும் உயிரற்றுப்போன கெரட்டின். நம் நகமும் அதுதான். வெட்டிப்போட்ட நகத்தைப் பார்த்து, 'இவருக்குக் கத்தரிக்காய் ஆகாது' என்று ஒருவன் சொன்னால் நம்புவீர்களா?

"எச்சிலில் எதிர்ப்பொருள்கள் உண்டே!" என்பார்கள். உண்டு. ஆனால் ஒரு பண்டத்தை நாள்தோறும் தின்று செரித்து ஆரோக்கியமாக இருக்கிற பிராணியின் உடம்பிலும் அந்தப் பண்டத்துக்கான எதிர்ப்பொருள் இருக்கக்கூடும். அது தின்றதற்குச் சாட்சியே தவிர, தின்றதால் கெட்டதற்குச் சாட்சி ஆகாது. நோய்க்குறி எதுவும் இல்லாத நாய்களின் இரத்தத்தையும் எச்சிலையும் அமெரிக்காவில் சோதித்து, அதே 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த நாய்களுக்கும் 'ஒவ்வாது' என்ற முடிவு தாராளமாக வந்தது.

இங்கேதான் வியாபாரியின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். 'அலர்ஜி' என்று சொன்னால் மருத்துவன் சண்டைக்கு வருவான், சட்டம் கேள்வி கேட்கும். ஆகவே 'உணர்திறன்' என்கிறான், 'ஒத்துக்கொள்ளாமை' என்கிறான். பெட்டியின் மூலையில் எறும்பு எழுத்தில், 'இது நோய் நிர்ணயம் அன்று' என்றும் போட்டுவிடுகிறான். நோய் நிர்ணயம் அன்று என்றால் வேறு என்ன? பொழுதுபோக்கா? அரித்து அரித்துப் புண்ணான பிராணியை மடியில் வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருக்கிறவனிடம் பொழுதுபோக்குச் சாமானை விற்பதற்கு என்ன பெயர்? அமெரிக்காவிலே கால்நடைகளுக்கான மருத்துவச் சாதனங்களை விற்பனைக்கு முன் உணவு-மருந்து நிர்வாகத்திடம் காட்டி அனுமதி பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திறந்த வாசல் அது. நுழைகிறவன் நுழைகிறான்.

நுழைந்தவர்களில் இவர்கள் முதல்வர்களும் அல்லர். சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் சான்பிரான்ஸிஸ்கோவில் ஆல்பர்ட் ஆப்ராம்ஸ் என்றொரு மருத்துவர் இருந்தார். காகிதத்தில் உலர்ந்த ஒரு சொட்டு இரத்தம் போதும், எங்கிருந்து அனுப்பினாலும் தம் பெட்டியின் உதவியால் நோயைச் சொல்லிவிடுவேன் என்றார். ஆயிரக்கணக்கானவர்கள் நம்பினார்கள். மிச்சிகன் மாநிலத்து மருத்துவர் ஒருவர் நல்ல ஆரோக்கியமான சேவலின் இரத்தத்தை மனித இரத்தம்போல அனுப்பிவைத்தார். மலேரியா, சர்க்கரை வியாதி, புற்றுநோய், மேகநோய் என்று பதில் வந்தது! 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகை குழு அமைத்து விசாரித்து, இந்த முறையில் சாரம் எதுவும் இல்லை என்று 1924-ல் தீர்ப்பளித்தது. ஆப்ராம்ஸ் அதே ஆண்டில் காலமானார். அவருடைய பெட்டி சாகவில்லை என்பதற்கு இன்றைய எச்சில் பெட்டியே அத்தாட்சி.

1987-ல் இங்கிலாந்தில் மனிதர்களை வைத்தும் இதைச் சோதித்தார்கள். மீன் தின்றால் ஆகாது என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களின் இரத்தத்தையும் தலைமயிரையும் வியாபாரப் பரிசோதனைக் கூடங்களுக்கு அனுப்பினார்கள். மீன் அலர்ஜியைச் சரியாகக் கண்டுபிடிக்க அந்தக் கூடங்களால் முடியவில்லை. ஆகாதவை என்று வேறு எவையெவையோ பண்டங்களை எழுதி அனுப்பினார்கள். 'லான்செட்' பத்திரிகையில் அது வெளிவந்தது. வாயுள்ள மனிதர்கள், "எனக்குக் கோதுமை ஒன்றும் செய்யாதே, மீன்தானே ஆகாது!" என்று சொல்ல முடிந்தது. நாய்க்கு அந்த வசதி இல்லை.

யார் இதை வாங்குகிறார்கள்? தாயத்துக் கட்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற படித்த கூட்டம்தான் வாங்குகிறது. வெளிநாட்டில் வாழும் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி தன் நாயைப் பற்றி வந்த பட்டியலை எனக்கு அனுப்பியிருந்தாள். அதில் பாதிப் பண்டங்களை அந்த நாய் பிறந்ததிலிருந்து முகர்ந்துகூடப் பார்த்திருக்காது. பழகிய பண்டத்தின் மீதுதான் உடம்பு பெரும்பாலும் பகை கொள்ளும். பழகாததன் மீது பகை அபூர்வம். இதை எடுத்துச் சொன்னேன். "லேபிலிருந்து வந்த ரிப்போர்ட் சித்தப்பா, சும்மாவா சொல்வார்கள்?" என்றாள். பொறியியல் படித்த பெண்! காகிதத்தில் நிறமும் எண்ணும் இருந்தால் விஞ்ஞானம் என்று தலைவணங்கக் கற்றுக்கொடுத்திருக்கிறோமே தவிர, 'இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?' என்று கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும், பட்டியலில் உள்ளதை நிறுத்தியதும் என் நாய்க்குக் குணமாயிற்றே!" என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் சொல்லமாட்டேன். ஆனால் மகரந்தத்தால் வரும் அரிப்பு பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும். பட்டியல் வந்த வாரமும் பருவம் மாறிய வாரமும் ஒன்றாக இருந்தால் பட்டியலுக்குப் புகழ். இருபது முப்பது பண்டங்களை ஒரேயடியாக நிறுத்தினால் உண்மையான குற்றவாளியும் கூட்டத்தோடு மாட்டியிருக்கலாம். ஊரையே சிறையில் போட்டுவிட்டுத் திருடனைப் பிடித்தேன் என்கிற போலீஸ்காரனின் பெருமை அது. மூன்றாவதாக, நம் கண்ணே நம்மை ஏமாற்றும். மூட்டுவாதத்தால் நொண்டுகிற நாய்களுக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2012-ல் வெளியாயிற்று. மருந்தே இல்லாதபோதும் 'தேவலை' என்று வளர்ப்பவர்கள் சொன்னது ஏறத்தாழ 40 சதவீதம். அன்புள்ளவன் குணத்தைக் காண ஆசைப்படுகிறான், ஆசைப்பட்டதைக் காண்கிறான்.

போகட்டும், பணம் போனது அவர்கள் பணம், எனக்கு ஏன் இந்த ஆத்திரம் என்று கேட்கலாம். பணத்தைப் பற்றி நான் பேசவில்லை. அரிக்கிற நாய்க்கெல்லாம் உணவு காரணமன்று. தெள்ளுப்பூச்சிக் கடியால் அரிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலைத் துளைத்துச் சொறி வந்திருக்கலாம். படர்தாமரையாக இருக்கலாம். வைத்தியர் தோலைச் சுரண்டி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, பல சமயங்களில் அன்றைக்கே மருந்து சொல்லிவிடக் கூடியவை இவை. அதைச் செய்யாமல் பட்டியலைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் அரிசியை மாற்றி, மாமிசத்தை மாற்றி, மெத்தையை மாற்றிக்கொண்டிருந்தால், அத்தனை மாதமும் அந்த ஜீவன் இரவெல்லாம் சொறிந்துகொண்டு கிடக்கிறது. சொறியும் படர்தாமரையும் அதோடு விளையாடும் குழந்தைக்கும் தொற்றக்கூடியவை. பூனை விஷயம் இன்னும் மோசம். பட்டியலை நம்பி மீனையும் கோழியையும் நிறுத்திவிட்டுப் பூனைக்குத் தயிர்சாதம் போட்டால் என்ன ஆகும்? டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு தேவையான அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. மாமிசத்திலிருந்து பெற வேண்டும். அது குறைந்தால் பூனையின் இருதயம் வீங்கிப் பலவீனமாகும் என்று 1987-லேயே கலிபோர்னியாவில் நிரூபித்திருக்கிறார்கள். கண் பார்வையும் போகும்.

உண்மையான பரிசோதனை இல்லாமல் இல்லை. அதுவும் வீட்டிலேயே செய்வதுதான்! முதலில் வைத்தியர் பூச்சியையும் தொற்றையும் இல்லையென்று தீர்த்துவிட வேண்டும். பிறகு, அந்தப் பிராணி இதுவரை தின்றிராத ஒரு மாமிசம், ஒரு தானியம், அல்லது அதற்கென்றே தயாரித்த உணவு. 8 வாரம் வேறு எதுவும் கிடையாது. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் 80 சதவீதத்துக்கு மேல் 5 வாரத்தில் குணம் தெரியும். 8 வாரத்தில் 90 சதவீதத்தைத் தாண்டும். அத்தோடு நிறுத்தக் கூடாது. பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால் குற்றவாளி அகப்பட்டான் என்று அர்த்தம். தோலில் ஊசி போட்டுப் பார்ப்பதும், இரத்தத்தில் பார்ப்பதும் தூசி, மகரந்த விஷயத்தில் பயன்படும். அதுவும், நோய் இன்னதென்று வைத்தியர் நிச்சயித்த பிறகு, சிகிச்சை ஊசியில் எதைச் சேர்ப்பது என்று தெரிந்துகொள்வதற்காக.

இந்த 8 வாரம்தான் நமக்குக் கசக்கிறது. பாட்டி ரகசியமாகப் பிஸ்கட் போடக் கூடாது. பையன் தட்டின் கீழே கோழித்துண்டைத் தள்ளக் கூடாது. "பாவம், ஒரு கவளம் தயிர்சாதம்தானே!" என்று அம்மா இரங்கக் கூடாது. மருத்துவ நூல்களில் பதிவான 297 நாய்களைக் கணக்கெடுத்து 2016-ல் வெளியிட்டதில், மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பண்டங்கள் 17, கோழி 15, கோதுமை 13. நம் வீட்டு நாய்க்கு நாம் அன்பாகப் போடுகிற தயிரும் கோழியும் பிஸ்கட்டும் அந்தக் கணக்கில் முன்வரிசையில் நிற்கின்றன! பூனைகளில் மாட்டிறைச்சிக்கு அடுத்தபடி மீன்தான். பட்டியல் விற்கிறவன் நமக்கு விற்பது இந்தக் கஷ்டத்திலிருந்து விடுதலையை. கவனிக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம், வீட்டாரைக் கட்டுப்படுத்த வேண்டாம். பணத்தைக் கட்டு, நான் சொல்கிறேன் என்கிறான். பிராணியின் மேல் நமக்குள்ள அன்பைவிட, நம் சோம்பலை அவன் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறான்.

நம் ஊர்களிலும் இப்போது வீட்டுக்கு வீடு நாய் வளர்க்கிறார்கள். மேல்நாட்டில் விலைபோகிற எதுவும் நம்மிடம் வராமல் இருந்ததில்லை. வருகிறபோது விற்கிறவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பொம்மை நாயின் ரோமத்தை அனுப்பினால், 'இது நாயே அல்ல' என்று உங்கள் பெட்டி சொல்லுமா?" சொல்லும் என்று அவன் நிரூபித்துக் காட்டுகிறவரையில், அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு நாயை அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை: மனிதனுக்கு விற்கும் சோதனைக்கு அத்தாட்சி கேட்கிற சட்டம், மிருகத்துக்கு விற்கும் சோதனைக்கும் அதைக் கேட்கட்டும். தன் வலியைச் சொல்லத் தெரியாத ஜீவனுக்குச் சட்டத்தின் துணை நம்மைவிட அதிகமாகத் தேவை.